தோழிகளின் சீரியலும் சுமங்கலித் திட்டமும்

2004 ஜனவரியில் அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் ‘தி எல் வேர்ட்’ என்றொரு தொடர் ஆரம்பித்தது. லாஸ் ஏஞ்சலஸில் வாழும் லெஸ்பியன் தோழிகள் சிலரின் காதல், பிரிவு, சண்டை, சமாதானம், இதுதான் கதை. ஐலீன் செய்க்கன் உருவாக்கிய அந்தத் தொடர் ஆறு சீசன் ஓடி 2009 மார்ச்சில் முடிந்தது. அதற்கு முன்பு அங்கேயும் லெஸ்பியன் பாத்திரம் என்றால் ஏதோ ஒரு சீரியலின் ஓரத்தில் ஒருத்தி வருவாள், பாதியில் செத்தும் போவாள். இதில் ஓரத்தில் நின்றவர்கள் நடுவுக்கு வந்தார்கள்.

திருப்பூர் பக்கம் சாதியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். அந்தத் தொடர் ஓடிய அதே ஆண்டுகளில் நம் ஊர் மில் விடுதிகளில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தத் தோழிகளை ஒன்றாக வைத்திருந்தது எது என்று பார்ப்போம். ஒருத்தி ஓவியக் கூடத்தின் இயக்குநர், ஒருத்தி பத்திரிகையாளர், ஒருத்தி டென்னிஸ் வீராங்கனை, ஒருத்தி முடி வெட்டுபவள், ஒருத்தி எழுத்தாளர். எல்லோரும் தினம் வந்து உட்காரும் ஒரு காபிக் கடை. பணக்காரர்கள் கதை, வெள்ளையர் கதை, எல்லோரும் ஒல்லியாக அழகாகவே இருக்கிறார்கள் என்று அமெரிக்காவிலேயே அதன் மேல் விமர்சனம் எழுந்தது. விமர்சனம் சரிதான். ஆனால் எங்களுக்கு உறுத்துவது வேறொன்று. அந்தப் பெண்களின் சம்பளம் அவரவர் கையில் இருக்கிறது. வீட்டுச் சாவி அவர்களிடம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தோழியைப் பார்க்கப் போக யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. காதல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இப்போது இங்கே வருவோம். 1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது பெரும்பாலும் ஆண்களின் சங்கம், ஆண்களின் போராட்டம். அதற்குப் பின் ஏற்றுமதி வளர வளர, செக்கிங், கைமடி, பேக்கிங் என்று பெண்கள் ஆயிரக்கணக்கில் கம்பெனிகளுக்குள் வந்தார்கள். குறைந்த கூலி, சங்கம் கிடையாது. 2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி வர்த்தகத்தில் இருந்த கோட்டா முறை முடிந்தது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். நூல் வேண்டும், நூலுக்கு ஆள் வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஸ்பின்னிங் மில்களின் புரோக்கர்கள் தென் மாவட்டங்களின் ஊர்களுக்கும் சேரிகளுக்கும் நோட்டீஸோடு போனார்கள். வயதுக்கு வந்த பெண்ணை மூன்று வருடம் அனுப்புங்கள், தங்குமிடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு, முடித்து வரும்போது 30,000 அல்லது 50,000 ரூபாய் மொத்தமாகக் கையில் தருகிறோம் என்றார்கள். அது கல்யாணத்துக்கான பணம். திட்டத்தின் பெயர் சுமங்கலி. சில மில்களில் திருமகள் திருமணத் திட்டம், சில இடங்களில் மாங்கல்யத் திட்டம்.

இந்தப் பெயரை நாம் போதுமான அளவு யோசித்ததில்லை. சுமங்கலி என்றால் கணவன் உயிரோடு இருக்கும் பெண். உலகத்தில் எந்தத் தொழிலாவது தன் கூலி முறைக்குத் தொழிலாளியின் கல்யாண நிலையைப் பெயராக வைத்திருக்கிறதா? அந்தப் பெண் செய்யும் வேலைக்கு அவள் வேலை என்று பெயர் இல்லை. அவள் சம்பளத்துக்குச் சம்பளம் என்று பெயர் இல்லை. யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வரதட்சணையை அவளே நூற்று எடுக்கிறாள், அவ்வளவுதான். மூன்று வருடம் முடியும் முன் உடம்புக்கு முடியாமல் போய்த் திரும்பியவர்களுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை என்பதைத் தொழிலாளர் அமைப்புகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. இப்படிப் போனவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள். நிலம் இல்லாத வீட்டுப் பெண்கள்.

மில் வளாகத்துக்குள்ளேயே விடுதி. கேம்ப் கூலி என்று அதற்குப் பெயர். செல்போன் கூடாது. வீட்டாரோடு பேச வார்டன் பக்கத்தில் நிற்க வேண்டும். மாதம் ஒரு முறை வெளியே போகலாம், அதுவும் வரிசையாக, கூடவே ஒரு காவல். பெற்றோருக்கு மில்காரர்கள் விற்றதில் பாதி இந்தக் காவல்தான். “உங்க பொண்ணு பத்திரமா இருப்பா” என்றால், எவனோடும் பேசமாட்டாள், எவனோடும் ஓடிப்போகமாட்டாள் என்று பொருள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அண்ணல் அம்பேத்கர் தன் 25-வது வயதில் சொல்லிவிட்டார். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்றார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ள வேண்டுமானால் ஆணும் பெண்ணும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். கணவன் செத்துப்போனால் ஒரு பெண் கணக்கில் மிச்சமாகிறாள். மிச்சமாகும் பெண் சாதிக்கு ஆபத்து. அவளை எரித்துவிடுவது ஒரு வழி, விதவையாக மூலையில் உட்கார வைப்பது இன்னொரு வழி. சதியும் கட்டாய விதவைக்கோலமும் அங்கிருந்து வந்தன என்று விளக்கினார்.

அவர் விதவையைப் பற்றிப் பேசினார். ஆனால் அந்தக் கணக்கை இன்னும் ஒரு வரி நீட்டிப் பார்த்தால், ஆணையே வேண்டாம் என்று சொல்லும் பெண் அங்கே நிற்கிறாள். சாதி மாறிக் காதலிக்கும் பெண் தவறான வீட்டுக்குப் போகிறாள். இவள் எந்த வீட்டுக்கும் போக மறுக்கிறாள். அகமணமுறைக்கு இரண்டுமே ஓட்டைதான். நம் இயக்கங்களில் முதலாவதைப் பற்றி ஆயிரம் கூட்டம் போட்டிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி யாராவது பேச எழுந்தால், இது மேல்தட்டுப் பிரச்சினை தோழர், கூலிப் பிரச்சினையைப் பேசுவோம் என்ற குரல் இன்றும் வருகிறது.

மேல்தட்டுப் பிரச்சினை என்ற அந்தப் பேச்சுக்கு 2006-லேயே பதில் சொன்னவர் மாயா சர்மா. தொழிற்சங்க, பெண்கள் இயக்கப் பின்னணியிலிருந்து வந்தவர். ‘லவ்விங் விமன்’ என்ற அவர் புத்தகம் வட இந்தியாவில் உழைக்கும் வர்க்கத்துப் பெண்களைக் காதலித்த உழைக்கும் வர்க்கத்துப் பெண்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தது. அவர்கள் லெஸ்பியன் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டியதில்லை. வாழ்ந்தார்கள், மாட்டிக்கொண்டார்கள், அடிபட்டார்கள். தமிழில் அப்படி ஒரு புத்தகம் வந்தால் அதில் மில் விடுதிக்கு ஓர் அத்தியாயம் வேண்டும். ஆண் வாசனை படாமல் காவல் காக்கும் வார்டனுக்கு, ஒரே பாயில் படுத்திருக்கும் இரண்டு பெண்கள் கண்ணில் படுவதில்லை. தோழிகள் என்று நினைத்துக்கொள்வார்கள். சிக்கல் மூன்று வருடம் முடிந்து கல்யாணப் பேச்சு எடுக்கும்போதுதான்.

சிக்கல் எப்படி முடிகிறது என்பதற்குச் செய்தித்தாள்களில் சான்று உண்டு. 2008 மே மாதம் சென்னையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தீ வைத்துக்கொண்டு இறந்தார்கள். அதே காலத்தில் கேரளத்திலும் பெண் இணைகளின் தற்கொலைகள் தொடர்ந்து பதிவாயின. அவற்றைப் பதிவு செய்ததில் சகயாத்ரிகா என்ற அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி நம் திரைகளுக்கு வருவோம். 1998-ல் தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ வெளியானபோது சிவசேனாவினர் மும்பையிலும் டெல்லியிலும் தியேட்டர்களை உடைத்தார்கள். டெல்லி ரீகல் தியேட்டர் முன்னால் பெண்கள் பதாகைகளோடு திரண்டார்கள். இந்தியாவில் லெஸ்பியன் என்ற சொல் தெருவுக்கு வந்தது அன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். நாங்கள் மதிக்கும் வரலாறு அது. ஆனால் படத்தைத் திரும்பப் பாருங்கள். நடுத்தர வர்க்க இந்துக் குடும்பத்து மருமகள்கள் இருவர் காதலிக்கிறார்கள். அந்த வீட்டில் ஓர் ஏழை இருக்கிறான், வேலைக்காரன் முண்டு. படத்தில் மிக அசிங்கமாகக் காட்டப்படுபவன் அவன். பெண்களைக் காட்டிக்கொடுப்பவனும் அவன். வீட்டு எஜமானர்களின் வன்முறை நிதானமாக, தத்துவத்தோடு வருகிறது. வேலைக்காரனின் காமம் மட்டும் அருவருப்பாக வருகிறது. இதை அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

‘தி எல் வேர்ட்’ தொடங்கிய அதே 2004-ல் மலையாளத்தில் லிஜி புல்லப்பள்ளி ‘சஞ்சாரம்’ எடுத்தார். நாயர் வீட்டுப் பெண்ணும் கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணும். அழகான படம், வீடுகளும் அழகு. 2016-ல் பெங்களூரிலிருந்து ரூபா ராவ் எடுத்த ‘தி அதர் லவ் ஸ்டோரி’ இணையத் தொடராக வந்தது. பொதுமக்களிடம் பணம் திரட்டி எடுத்தது, கல்லூரி மாணவிகள் இருவரின் கதை. தமிழில் 2021-ல் வந்த ‘மகிழினி’ பாடல் காணொளியில் காதலர்கள் பரதம் ஆடுகிறார்கள். 2025 காதலர் தினத்தன்று வெளியான ‘காதல் என்பது பொது உடமை’ தமிழ்ச் சினிமாவுக்குத் தைரியமான படம். மகள் தன் காதலைச் சொல்கிறாள், முற்போக்கான அம்மாவே தடுமாறுகிறாள். ஆனால் வசதியான வீடு, வசதியான வரவேற்பறை. இந்தப் பெண்களுக்குப் பெற்றோர் சம்மதம் ஒன்றுதான் பாக்கி, மற்றதெல்லாம் இருக்கிறது.

2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பாவக் கதைகள்’ ஆணவக் கொலைகளைப் பற்றிய நான்கு கதைகள். அதில் விக்னேஷ் சிவனின் ‘லவ் பண்ணா உட்றனும்’ சாதித் தலைவர் ஒருவரின் வீட்டில் நடக்கிறது. லெஸ்பியன் என்ற சொல்லும் சாதிக் கொலையும் ஒரே கூரையின் கீழ் வரும் கதை. ஆனால் அந்தச் சொல் சிரிப்புக்காக வந்துபோகிறது.

இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர் பா. ரஞ்சித். 2022-ல் வந்த ‘நட்சத்திரம் நகர்கிறது’ புதுச்சேரியில் ஒரு நாடகக் குழுவைப் பற்றியது. அந்தக் குழுவில் தலித் பெண் ரெனே இருக்கிறாள், பெண் இணை ஒன்று இருக்கிறது, திருநங்கை ஒருவர் இருக்கிறார், ஆதிக்கச் சாதி வீட்டிலிருந்து வந்த அர்ஜுனும் இருக்கிறான். அவர்கள் போட நினைக்கும் நாடகம் சாதி ஆணவக் கொலையைப் பற்றியது. தனித்தனிச் ‘சமூகப் பிரச்சினை’களாகப் பிரிக்காமல், எல்லாக் காதல்களையும் அடைக்கும் பூட்டு ஒன்றே என்று தமிழில் சொன்ன படம் அது. தோழிகளின் தொடருக்கு நம் மொழியில் மிக நெருங்கி வருவதும் அதுதான். படத்தில் எங்களுக்குக் குறை உண்டு. ரெனேயின் வலிக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட அந்தப் பெண் இணைக்குக் கிடைக்கவில்லை. காதலிக்கிறார்கள், கூடவே இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை.

நாடகக் குழுவுக்குப் பேசக் கிடைத்த விஷயம் நம் மாவட்டத்தில் ரத்தமாக நடந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யாவும் வெட்டுப்பட்டார், பிழைத்து எழுந்து தன் வீட்டாருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. சாதி மறுத்தவருக்குத் தெருவில் அரிவாள். ஆண் துணையை மறுத்தவளுக்கு வீட்டுக்குள் பூட்டு, சாமியார், மருந்து, அவசரக் கல்யாணம். இரண்டாவதில் பிணம் தெருவில் விழுவதில்லை என்பதால் வழக்கும் இல்லை, பேரணியும் இல்லை.

கொஞ்சம் வழக்கு வர ஆரம்பித்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, பாலீர்ப்பை ‘மாற்றும்’ வைத்தியத்துக்குத் தடை சொன்னது. தனக்கு இது பற்றித் தெரியாது என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு எழுதிய தீர்ப்பு. 2025 மே மாதம் இன்னொரு வழக்கு. 25 வயதுப் பெண்ணைக் குடும்பம் அடைத்து வைத்து அடித்து, ‘சரியாக்க’ச் சடங்கு செய்தது. காவல்துறை அவரைப் பெற்றோரிடமே அனுப்பியிருந்தது. அவரை விடுவித்த நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. அந்த அமர்வின் எல்லாத் தீர்ப்புகளோடும் நமக்கு உடன்பாடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தீர்ப்பு நல்ல தீர்ப்பு.

ஆனால் ஆட்கொணர்வு மனு போட யாரோ ஒருத்தி வெளியே இருக்க வேண்டும். அவளிடம் செல்போன் இருக்க வேண்டும், வக்கீலைப் பார்க்கப் போகச் சம்பளம் கையில் இருக்க வேண்டும், தங்க ஓர் அறை வேண்டும். அமெரிக்கத் தொடரின் தோழிகளுக்கு முதல் காட்சியிலேயே இருந்தவை இவை. இங்கே ஒவ்வொன்றும் சங்கம் கட்டி வாங்க வேண்டியதாக இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் போன்ற வாங்குவோரோடும் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டது. பாலினத்தையும் சாதியையும் சேர்த்தே பேசிய ஒப்பந்தம். வேலையிடத்தில் நடப்பதைக் கவனித்துச் சொல்லத் தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்றார்கள்.

விளம்பரங்களில் இப்போது சுமங்கலி என்ற பெயர் வருவதில்லை. விடுதிகள் இருக்கின்றன. தென் மாவட்டப் பெண்களின் இடத்துக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களிலும் ஆதிவாசி, தலித் பெண்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டுக்குத் துணி வாங்க இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வருகிறார்கள். சாயங்காலம் கேட் மூடும் முன் திரும்பிப் போகிறார்கள்.