மலைக்கு வந்த கிழங்கும் புழுவும்

நீலகிரி என்றால் எல்லோரும் தேயிலையைப் பேசுகிறார்கள். எனக்கு உருளைக்கிழங்குதான் பெரிது. எனக்குத் தெரிந்த தேயிலை எஸ்டேட்காரர்களுடையது; கிழங்கு எங்கள் வீட்டுப் பின்புறத்தில் விளைந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் மலையேறினார். பிறகு ஊட்டியில் பங்களா கட்டி, தோட்டம் போட்டு, உருளையையும் நட்டார். ஐரோப்பா சுற்றி வந்தாலும் அதன் தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. நீலகிரிக் குளிர் அதற்குப் பழகியதுதான். இந்த மலையின் படகர் மக்களின் ஊர்களில் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று போகமும் வருடம் முழுக்கக் கிழங்காகவே ஆனது.

1961இல் இந்த மண்ணில் உருளை நூற்புழு கண்டறியப்பட்டது. அதுவும் ஆண்டிஸில் பிறந்ததுதான். வாடிய செடியைப் பிடுங்கி வேரைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: குண்டூசித் தலையைவிடச் சிறிய பொன்மணிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் முட்டை நிரம்பிய பெண்புழு. அது பழுப்பாகி உதிர்ந்த பிறகும் முட்டைகள் பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

ஆண்டிஸ் உழவர்கள் கிழங்கெடுத்த நிலத்தைப் பல வருடம் தரிசு போடுவார்கள்; புழுவும் குறையும். கிழங்கு வந்தது, அந்த வழக்கம் வரவில்லை. எனக்கு அதுதான் ஆறாத வருத்தம். பின்னாளில் புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா ரகம் வந்தது. இப்போது கேரட், பூண்டு, முட்டைக்கோஸ் என்று மாற்றி நடுகிறோம்.