சொற்கள் வந்த வழி – 7: ஃபார்ஃபர் பாதிரியாரும் ஐஸ்லாந்து விருந்தாளியும்

அயர்லாந்து நடிகர் தாமஸ் ஷெரிடன் 1761-இல் எடின்பரோவுக்கு வந்து, ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு ஆங்கில உச்சரிப்புப் பாடம் நடத்தியதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1707-இல் ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்தது. அதன் பிறகு தாய்மொழியான ஸ்காட்ஸில் பேசுவதே படித்தவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. தத்துவஞானி டேவிட் ஹியூம்கூட, எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்ஸ் வழக்குகளைப் பட்டியல் போட்டு 1752-இல் அச்சிட்டார். ஸ்காட்ஸ் என்பது கெட்டுப்போன ஆங்கிலம். இதுதான் அன்றைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை ஜான் ஜேமிசனும் நம்பினார். ஃபார்ஃபர் என்ற சிற்றூரில் இளம் பாதிரியார் அவர். 1780-களின் பிற்பகுதியில், அருகிலுள்ள டனிக்கன் என்ற ஊரின் நிலக்கிழார் ஜார்ஜ் டெம்ப்ஸ்டரின் மாளிகையில் ஒரு விருந்தாளியைச் சந்தித்தார். ஐஸ்லாந்தில் பிறந்து கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த கிரிமுர் தோர்கெலின் அவர். பேச்சு மொழியின் பக்கம் திரும்பியது. ஊர் சொல்வதையே ஜேமிசனும் சொன்னார். தோர்கெலின் உடனே மறுத்தார். இங்குள்ள குடியானவர்கள் வாயில் புழங்கும் சொற்களில் நூற்றுக்கணக்கானவை தம் நாட்டுச் சொற்களே என்றார்.

தொழுவத்துக்குள் போய்ப் பாருங்கள். ஸ்காட்டிஷ் விவசாயி கிடேரியை ‘க்வே’ என்பார். ஐஸ்லாந்தில் அது ‘க்வீகா’. குட்டி ஈனாத இளம் பெண்ணாடு இங்கே ‘கிம்மர்’, அங்கே ‘கிம்பர்’. கோயிலுக்குப் போனால் ‘கிர்க்’, அங்கே ‘கிர்க்யா’. எடின்பரோவில் ‘கௌகேட்’ என்றொரு பழைய தெரு உண்டு. அங்கே வாசற்கதவைத் தேடினால் கிடைக்காது. ஐஸ்லாந்து மொழியில் ‘காட்டா’ என்றால் தெரு; மாடுகளை ஓட்டிச் சென்ற தெரு என்பதே அந்தப் பெயரின் பொருள். லண்டன் ஆங்கிலம் சிதைந்து இவை பிறந்தன என்று எப்படிச் சொல்வது?

ஜேமிசன் இரண்டு பென்னி நோட்டுப்புத்தகங்கள் வாங்கினார். காதில் விழுந்த சொற்களையெல்லாம் அவற்றில் குறிக்கத் தொடங்கினார். கனவான்கள் உதறித் தள்ளிய பேச்சை, ஒரு ஏழைப் பாதிரியார் உழவரிடமும் கிழவிகளிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். ஒரு நாடே செய்யத் தவறிய வேலை அது. பரிமாறும் தட்டுக்கு ‘ஆஷெட்’ என்ற பெயர் பிரெஞ்சிலிருந்து வந்திருந்தது. ஏரிக்கு ‘லாக்’ என்பது கேலிக் தந்தது. எல்லாமே அவர் தொகுத்த அகராதிக்குள் நுழைந்தன.

ஐஸ்லாந்து மொழியோடு ஒத்த சொற்கள் வந்த வழியைப் பற்றி மட்டும் அவர் கணக்கு தப்பிவிட்டது. பழங்குடிகளான பிக்டுகள் கொண்டுவந்தவை என்று கடைசிவரை வாதாடினார். இன்றைய அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. வட இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பேச்சு, 12-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து வந்த குடியேறிகளோடு ஸ்காட்லாந்து நகரங்களுக்கு வந்தது என்பதே இன்றைய முடிவு. அதனால் அவர் திரட்டிய சொற்களின் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

இருபது ஆண்டுகள் ஓடின. இரண்டு பெரிய தொகுதிகளாக அகராதி 1808-இல் வெளிவரவிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1807 செப்டம்பர் 2 அன்று, பிரிட்டிஷ் படை கோபன்ஹேகன் நகரத்தின் மீது குண்டுமாரி பொழியத் தொடங்கியது. தோர்கெலினின் வீடு அங்கேதான். லண்டனில் நகலெடுத்து வந்த ‘பேவுல்ஃப்’ காவியத்தை அச்சேற்ற அவர் பல்லாண்டுகளாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். தீ அந்த வீட்டையும் விடவில்லை.

அதில் எரிந்தது எது, தப்பியது எது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)