கம்பைலர் ஆக்கம் கற்பித்தல்

நிரலைப் பொறிமொழிக்கு மாற்றித்தரும் கம்பைலரை மாணவர்களே கட்டிப் பழகும் பாடம், கணினிப் பட்டப்படிப்பில் அரை நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் அதற்கு இடம் உண்டு.

தொடக்கத்தில் கம்பைலர் ஆக்கம் பாடமாக்கும் நிலையிலேயே இல்லை. ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு ஏறத்தாழ 18 ஆள்-ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. வழிமுறைகளைக் கண்டுபிடித்துக்கொண்டே கட்டினார்கள். பிறகு அல்கால் 60 மொழிக்கு முறையான இலக்கணக் குறியீடு வந்தது. 1965இல் டொனால்டு கனூத், நிரலின் இலக்கண அமைப்பைப் பிரித்தறியும் எல்ஆர் பார்சிங் முறையை வகுத்தார். 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த லெக்ஸ், யாக் கருவிகள், சொல் விதிகளையும் இலக்கணத்தையும் எழுதிக் கொடுத்தால் சொல் பிரிக்கும் பகுதியையும் பார்சரையும் தாமே ஆக்கித் தந்தன.

ஆல்ஃபிரட் ஏஹோவும் ஜெஃப்ரி உல்மனும் 1977இல் எழுதிய பாடநூல் இக்கோட்பாடுகளை ஒன்றுதிரட்டியது. கான்பூர் ஐஐடியில் படித்த ரவி சேத்தி 1986ஆம் ஆண்டு நூலில் இணைந்தார். அட்டைப் படத்தால் ‘டிராகன் புத்தகம்’ என்றே அது அழைக்கப்படுகிறது. அதன் ஆழம் பெரிது. ஆனால் அதை வரிவரியாக நடத்தும் வகுப்புகளில் பருவம் முழுதும் பார்சிங் அட்டவணை நிரப்புவதிலேயே கரைந்துவிடுகிறது. ஓடுகிற கம்பைலரை மாணவர் காண்பதே இல்லை.

அந்தக் குறைக்கு மருந்து சூரிச்சில் ஏற்கெனவே இருந்தது. அங்கு பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த், 1976இல் வெளியான தம் நூலில் பிஎல்/0 என்ற குட்டி மொழியை முன்வைத்தார். முழு எண்கள், செயல்முறைகள், இஃப், வைல் ஆகியவற்றுக்கு மேல் அதில் அதிகமில்லை. எல்ஸ் கூடக் கிடையாது. இலக்கண விதி ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல்முறை. வெளியீடு, கற்பனையான அடுக்குப் பொறிக்கான கட்டளைகள். அவற்றை இயக்கிக்காட்டும் பகுதியும் அதே நிரலில் அடங்கியது. சில நூறு வரிகளில் முடிந்துவிடும் இக்கம்பைலரை முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் படித்துவிடலாம். எல்ஸைச் சேர்க்க முனையும் மாணவருக்கு, இலக்கணத்தில் செய்த சிறு மாற்றம் தாவல் முகவரிகள்வரை எப்படிப் பரவுகிறது என்பது அப்போதே புரிந்துவிடும். மென்பொருள் பொறியாளருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி குறைவு.

1990களில் அலெக்ஸ் ஏக்கன் வடிவமைத்த கூல் மொழி, பகுதி பிரித்துக் கட்டும் ஒழுக்கத்தைக் கற்பித்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆசிரியரின் மாதிரிப் பகுதி தயாராக இருந்ததால், சொல் பிரிக்கும் பகுதியில் தடுமாறியவரும் பார்சரைத் தொடர முடிந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஹோ இன்னும் துணிந்து போனார். ஐவர் கொண்ட குழு ஒரு பருவத்துக்குள் தன் சொந்த மொழியை வடிவமைத்துக் கம்பைலரும் எழுத வேண்டியிருந்தது: ஒருவர் திட்ட மேலாளர், ஒருவர் மொழி வரையறைக்குப் பொறுப்பு, மற்றவர்கள் கட்டமைப்பு, ஒருங்கிணைப்பு, சோதனை. மொழியின் கையேட்டை நிரலுக்கு முன்பே எழுதித் தந்தாக வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்எல்விஎம், பொறிமொழியை உருவாக்கும் பின்பாதி வேலையை எளிதாக்கியது. அதன் இடைநிலைக் குறிமுறையை மட்டும் மாணவர் உருவாக்கினால், அசல் பொறிகளில் ஓடும் நிரல் கிடைத்துவிடுகிறது. பதிவகங்களை மாறிகளுக்குப் பங்கிடும் நுட்பத்தை மட்டும், ஆசிரியர் தனியே வற்புறுத்தாவிட்டால், அவர்கள் கைப்படச் செய்வதில்லை.