முன்கைச் சுழற்சி மூட்டுகள்

முன்கையில் எலும்புகள் இரண்டு. பெருவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ் எனப்படும் ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. இவை முழங்கையருகே ஓரிடத்திலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஓரிடத்திலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. இந்த மேல், கீழ் மூட்டுகளே முன்கைச் சுழற்சி மூட்டுகள். உள்ளங்கையை மல்லாத்துவதும் கவிழ்ப்பதும் இவற்றின் வேலை. தோளின் பந்துக்கிண்ண மூட்டு, முழங்கையின் கீல் மூட்டு, பெருவிரலின் சேண மூட்டு ஆகியவற்றுக்குப் பாடநூல்கள் தாராளமாக இடம் தருகின்றன. இந்த முன்கை மூட்டுகள் அடங்கும் முளை அச்சு மூட்டு என்ற தலைப்பு வரும்போதோ பெரும்பாலும் கழுத்தெலும்பை உதாரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இது நியாயமில்லை. கை பற்றியதைப் பயன்படுத்த வைப்பவை இந்த இரண்டும்தான். இவற்றை இரண்டு மூட்டுகளாக எண்ணாமல் ஒரே மூட்டின் இரு முனைகளாகக் கொண்டால்தான் இவற்றின் இயக்கமும் பழுதும் விளங்கும்.

முழங்கையை விலாவோடு ஒட்டிச் செங்கோணமாக மடக்கிக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் இது தெளிவாகும். மேற்கை அசையாது, ஆகவே தோளுக்கு இதில் பங்கில்லை. மணிக்கட்டுக்கும் இல்லை. அது முன்னும் பின்னும் மடங்கும், இரு பக்கமும் சாயும். தன் அச்சில் சுழற்ற அதற்கென்று தசை கிடையாது. “மணிக்கட்டைத் திருப்பு” என்பது பேச்சுவழக்கு. திரும்புவது முன்கை. கை கவிழ்ந்திருக்கும்போது மணிக்கட்டின் புறத்தே, சுண்டுவிரல் பக்கத்தில் கொட்டை போல ஒரு புடைப்பு தெரியும். அது அல்னாவின் தலை. அதன்மேல் ஒரு விரலை வைத்தபடி கையை மல்லாத்தினால் புடைப்பு விரலுக்கடியில் மறைந்துபோகும். உண்மையில் அது ஓடி ஒளியவில்லை. ஆரை எலும்பு அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. லத்தீனில் ‘ரேடியஸ்’ என்றால் சக்கரத்தின் ஆரக்கால். சுற்றுவது இதுதான் என்பதால் பெயர் பொருத்தமாகவே விழுந்திருக்கிறது.

மேல் மூட்டில் ஆரை எலும்பின் தலை ஏறக்குறைய வட்டமானது. அல்னாவின் பக்கவாட்டுப் பள்ளம் அதன் விளிம்பில் ஒரு சிறு பகுதியைத் தாங்க, மிச்சத்தை ஒரு வளைய நார் சுற்றிப் பிடித்திருக்கிறது. அந்த வளையத்துக்குள்தான் தலை உருள்கிறது. சின்னக் குழந்தையின் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினால் இந்த நார் தலையின்மேல் நழுவி மூட்டிடுக்கில் சிக்கிக்கொள்வதுண்டு. குழந்தை கையைத் தொங்கவிட்டபடி அழும். கீழ் மூட்டில் எல்லாம் தலைகீழ். அங்கே தலை அல்னாவுடையது, பள்ளம் ஆரை எலும்புடையது, சுற்றுவது பள்ளம். பள்ளம் ஆழமற்றது என்பதால் எலும்பின் பொருத்தம் மட்டும் மூட்டை நிறுத்தாது. முக்கோண வடிவக் குருத்தும் அதைச் சார்ந்த நார்களும்தான் பிடித்து நிறுத்துகின்றன. சுழற்சி அச்சு மேலே ஆரையின் தலையில் தொடங்கி, கீழே அல்னாவின் தலையில் முடிகிறது. அதாவது, ஒரே அச்சு இரு எலும்புகளையும் சாய்வாகக் கடந்துபோகிறது. மல்லாந்த கையில் எலும்புகள் இணையாக இருக்கும். கவிழ்ந்த கையில் ஆரை, அல்னாவின்மேல் குறுக்கே கிடக்கும். அப்படிக் கிடக்க வேண்டுமென்றால் ஆரை எலும்பு சற்று வில்லாக வளைந்திருக்க வேண்டும். முறிந்த எலும்பு அந்த வளைவை இழந்து கூடிவிட்டால் சுழற்சியும் குறைந்துவிடுகிறது.

இரண்டும் ஒரே மூட்டு என்பதற்கு உறுதியான சான்று எலும்பு முறிவுகளிலிருந்து கிடைக்கிறது. கண்ணாடி வளையல் உடைந்தால் பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் உடைவதில்லை. இரு எலும்புகளும் இரு மூட்டுகளும் சேர்ந்த இந்த வளையமும் அப்படித்தான். 1814இல் மிலான் நகர அறுவை மருத்துவர் ஜொவான்னி பத்திஸ்தா மொந்தேஜா, அல்னா முறியும்போது மேலே ஆரையின் தலை விலகிவிடுவதை விவரித்தார். 1934இல் அதே நகரின் ரிக்கார்டோ கலியாட்ஸி அதன் மறுபக்கத்தைப் பதிவு செய்தார்: முறிவது ஆரை, விலகுவது கீழ் மூட்டு. 1951இல் இங்கிலாந்தின் பீட்டர் எசெக்ஸ்-லோப்ரெஸ்டி எழுதியது இன்னும் அழுத்தமான சான்று. ஆரையின் தலை நொறுங்கி, இரு எலும்புகளையும் நெடுகப் பிணைக்கும் சவ்வும் கிழிந்துவிட்டால் கீழ் மூட்டும் விலகிப்போகும். நொறுங்கிய தலையை எடுத்துவிட்டால் ஆரை எலும்பு மேல்நோக்கி ஏறும். அடிபட்டது முழங்கை, வலிப்பது மணிக்கட்டு. முன்கை முறிவுக்கு எக்ஸ்-ரே எடுக்கும்போது முழங்கை, மணிக்கட்டு இரண்டும் படத்தில் வரவேண்டும் என்று எலும்பு மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். மேல் மூட்டு முழங்கையோடு ஒரே உறைக்குள் இருப்பதால் அதை முழங்கையின் பகுதியாகவே வகைப்படுத்தலாம் என்பார் உண்டு. உறை ஒன்றுதான், வேலை வேறு. முழங்கை எவ்வளவு மடங்கியிருந்தாலும் சுழற்சி தன்பாட்டில் நடக்கிறது.

மனிதக் கையின் சிறப்பு பெருவிரலில்தானே இருக்கிறது என்ற மறுப்பு வலுவானது. மற்ற விரல்களை எதிர்கொள்ளும் பெருவிரல் இல்லாமல் ஊசியையும் பிடிக்க முடியாது, பேனாவையும் பிடிக்க முடியாது. ஆனால் சேண மூட்டு வாலில்லாக் குரங்குகளிடமும் உண்டு. மேலும், பிடிப்பது பாதி வேலைதான். இலையிலிருந்து சோற்றை எடுக்கும்போது கை கவிழ்ந்திருக்கிறது. முழங்கை மடங்கி வாயருகே வருவதற்குள் அது திரும்பியிருக்க வேண்டும். உள்ளங்கை நெல்லிக்கனி கண்ணுக்குத் தெரிவதே கை மல்லாந்திருந்தால்தான். திருப்புளியால் திருகாணியை இறுக்கும் வலக்கை மல்லாத்தும் திசையிலேயே திரும்புகிறது. மேற்கையின் முன்புறம் புடைக்கும் பைசெப்ஸ் ஆரை எலும்பில் போய்ச் சேருவதால், முழங்கையை மடக்குவதோடு கையை மல்லாத்தவும் செய்கிறது; செங்கோணத்தில் மடக்கிய கைக்கு இதில் வலிமை அதிகம். ஓடுவதற்கென்றே கால்களைப் பெற்ற குதிரைக்கு இரு எலும்புகளும் ஒட்டிவிட்டன; அதன் குளம்பு எப்போதும் தரையைப் பார்த்தபடிதான்.

இன்னொரு மறுப்பு மருத்துவமனையிலிருந்து வருகிறது. ஆரையும் அல்னாவும் மேல்முனையில் ஒட்டியே பிறப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அன்றாட வேலைகளைச் சமாளித்துக்கொள்கிறார்கள். அப்படியானால் சுழற்சி அவ்வளவு அவசியமா? சமாளிப்பது எப்படி என்று கவனித்தால் பதில் கிடைக்கும். கவிழ்க்க முடியாதவர் முழங்கையை வெளிப்பக்கம் தூக்கினால் உள்ளங்கை தானாகக் கீழே திரும்பிவிடும், தோள் ஈடுகொடுக்கிறது. மல்லாத்த முடியாதவருக்கு அந்த வழி இல்லை, முழங்கையை உள்பக்கம் கொண்டுபோக விலா குறுக்கே நிற்கிறது. எந்தக் கோணத்தில் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே சிரமம் அமைகிறது. அளவுகளும் இதையொட்டியே வருகின்றன. இயல்பான கை ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80 பாகை திரும்பும். அமெரிக்காவில் மோரியும் சக ஆய்வாளர்களும் 1981இல் 15 அன்றாடச் செயல்களை அளந்து, பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்துக்கு 50 பாகை போதும் என்றார்கள். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில் கணினி விசைப்பலகைக்குக் கை 65 பாகை வரை கவிழ வேண்டியிருந்தது. போதும் என்ற அளவை உடல் மட்டும் நிர்ணயிப்பதில்லை, முன்னால் இருக்கும் கருவியும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது.

கையை மணிக்கட்டோடு இழந்தவர்களுக்காக முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் க்ருகென்பெர்க் 1917இல் ஓர் அறுவை முறையை வெளியிட்டார். மிஞ்சிய முன்கையை நீளவாக்கில் பிளந்து, ஆரையையும் அல்னாவையும் தோல் மூடிய இரு கிளைகளாக்கி இடுக்கிபோல இயக்குவது அது. பார்க்க அழகாக இராது என்று தயங்கியவர்கள் பலர். ஆனால் செயற்கைக் கைக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: தொட்டால் தெரியும். அதனால் இரு கைகளோடு பார்வையையும் இழந்தவர்களுக்கு இது குறிப்பாகப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த இடுக்கியை மூடுவதில் முக்கியப் பங்கு வகிப்பது, முன்பு கையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அதே தசை.