ஆமை புகுந்த குளம்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் முன்னோர் வழக்கு. ஊமையான இந்த உயிர்மீது ஏன் இப்படியொரு பழி விழுந்தது என்று நாம் வியந்ததுண்டு. ஐரோப்பியக் குளங்களின் வரலாற்றைப் படிக்கும்போதோ, அங்கே ஓர் ஆமையால் மற்றோர் ஆமையின் வீடு பாழாகி வருவதைக் காண்கிறோம். புகுந்த ஆமை தானாகப் புகவில்லை என்பதுதான் செய்தி.

ஐரோப்பாவுக்கு உரிய நன்னீர் ஆமைகளுள் மிகப் பரவலாக வாழ்ந்தது குளத்து ஆமை. கரிய ஓடு, மஞ்சள் புள்ளிகள், ஏறத்தாழ ஒரு சாண் நீளம். பனியூழிக்குப் பின் வெப்பம் மிகுந்திருந்த காலத்தில் அது சுவீடன் வரை வாழ்ந்தது என்பதற்கு அங்கே கிடைத்த எலும்புகள் சான்று. குளிர் திரும்பியபோது தெற்கே ஒதுங்கியது. அதன் பிறகு நேர்ந்த இழப்புகள் மனிதரால் வந்தவை. அவற்றில் நம் திருச்சபையின் பழக்கத்துக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

தவக்காலத்தில் இறைச்சி விலக்கு, மீனுக்குத் தடையில்லை. நீரில் வாழ்வதால் ஆமையையும் மீனோடு சேர்த்து எண்ணினர். நிலத்தில் தங்கிக் காற்றை உயிர்க்கும் விலங்குகளின் ஊனையே நோன்பு விலக்குகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். ஆமையோ காற்றை உயிர்ப்பது, முட்டையிடக் கரையேறுவது. அவர் கூற்றை நேராகப் பொருத்தியிருந்தால் அது தப்பியிருக்க வேண்டும். பசித்த வயிறு விதியைச் சற்றே நெகிழ்த்திக்கொண்டது போலும்! மத்திய ஐரோப்பியச் சந்தைகளில் அது தவக்கால உணவாக விற்கப்பட்டது. முட்டையிடும் பருவம் வரப் பத்தாண்டுகள்கூட ஆகக்கூடிய உயிர், இந்த வேட்டையை எப்படி ஈடுசெய்யும்? பின்னர் சதுப்பு நிலங்களை வடித்தார்கள். ஆறுகளை நேராக வெட்டினார்கள். ரைன் ஆற்றின் வளைவுகளை நிமிர்த்தும் பணி 1817இல் தொடங்கியது.

இவ்வாறு நலிந்த குளங்களுக்குள்தான் அமெரிக்காவின் செங்காது ஆமை வந்து சேர்ந்தது. மிசிசிப்பி ஆற்றுப் படுகை அதன் தாயகம். லூசியானா மாநிலப் பண்ணைகளில் பெருக்கப்பட்ட அதன் குஞ்சுகள், உள்ளங்கையில் அடங்கும் பச்சை நிற அழகுப் பொருள்களாக விலைபோயின. அவற்றால் பிள்ளைகளுக்குச் சால்மொனெல்லா நோய் பரவவே, 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளின் விற்பனையை அமெரிக்க அரசு 1975இல் தடைசெய்தது. ஏற்றுமதி மட்டும் தொடர்ந்தது. தம் பிள்ளைகளுக்கு ஆகாதது பிறர் பிள்ளைகளுக்கு ஆகும் என்று கருதினார்களோ, நாம் அறியோம். 1989 முதல் 1997 வரை 5 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை கடல் கடந்தன. நிஞ்சா ஆமைகள் திரையில் சிறுவரை மயக்கிய ஆண்டுகளும் அவையே.

குஞ்சு வளர்ந்தது. தொட்டி போதவில்லை, நாற்றமும் தாங்கவில்லை. கொல்ல மனம் வராதவர்கள் அருகிலிருந்த குளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இரக்கத்தால் செய்தார்கள் என்பதே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் உறுத்துகிறது.

ஆமைக்கு வெயிலே அடுப்பு. வெயில் காயாவிட்டால் உண்டது செரிக்காது. குளத்தில் அதற்கு வாய்ப்பான மரக்கட்டைகளோ சிலவே. பிரான்சில் ஆந்துவான் காதி, பியேர் ஜோலி என்னும் ஆய்வாளர்கள் இரண்டு இனங்களையும் ஒரே குளத்தில் வைத்துப் பார்த்து, 2003இலும் 2004இலும் முடிவுகளை வெளியிட்டனர். நல்ல இடங்களைப் பெரிய செங்காது ஆமைகள் பிடித்துக்கொண்டன. குளத்து ஆமைகள் தாழ்ந்த இடங்களுக்கு ஒதுங்கின. கூட்டாக வாழ்ந்த இடங்களில் அவை எடை குறைந்தன, இறப்பும் மிகுந்தது. சண்டையென்று சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றுமில்லை. வெயிலில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவே.

1997இல் ஐரோப்பிய ஒன்றியம் செங்காது ஆமையின் இறக்குமதியை நிறுத்தியது. வணிகர் சளைக்கவில்லை, அதன் நெருங்கிய உறவான மஞ்சள் வயிற்று ஆமையை விற்கத் தொடங்கினர். 2016இல்தான் அந்த இனம் முழுவதும் தடைப்பட்டியலில் ஏறியது. முன்பே வளர்த்து வந்தவர்கள் அது இயற்கையாக இறக்கும் வரை வைத்துக்கொள்ளலாம். இனம் பெருக்கலாகாது, வெளியில் விடலாகாது. இவ்வாமை முப்பது ஆண்டும் வாழக்கூடியது. தடைக்கு முன் ஒரு சிறுவனுக்காக வாங்கிய குஞ்சு, அவன் தந்தையான பின்பும் அதே வீட்டுத் தொட்டியில் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கக்கூடும்.