மிஸஸ் சேஸ் முதல் ஐசியூ பொம்மை வரை: ஒரு குறிப்பு

போன மாசம் இலஞ்சி குமாரர் கோயிலுக்குப் போயிட்டு வரும்போது சித்தி மகளைப் பார்த்தேன். ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, ஜெனரல் வார்டில் இருந்தவளை ஒரே நாளில் வெண்டிலேட்டர் பக்கம் நிறுத்திட்டாங்க. முதல் ராத்திரியே அலாரம். "ஆளைப் பாக்காம மெஷினையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன் அண்ணே" என்றாள். சீனியர் சிஸ்டர் ஓடிவந்து, வெண்டிலேட்டர் குழாயைக் கழற்றி, ஆம்பு பையை அமுக்கி, அடைத்திருந்த சளியை உறிஞ்சி எடுத்திருக்கிறார். நோயாளி பிழைத்துக்கொண்டார். இவளுக்குத்தான் அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகலை.

அதற்குப் பிறகுதான் பொம்மையை வைத்துப் பழக்கும் முறையின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். 'சிமுலேஷன்' என்றாலே விமானிகளிடமிருந்து மருத்துவம் கடன் வாங்கியது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுது.

நம்ம பக்கமே பாருங்க. சுசுருத சம்ஹிதையில் சூத்திரஸ்தானத்தின் 9-வது அத்தியாயம் முழுக்க இதுதான். வெட்டிப் பழகச் சுரைக்காய், வெள்ளரிக்காய், தர்ப்பூசணி. நரம்பைக் குத்திப் பழகத் தாமரைத் தண்டு. கட்டுப் போட்டுப் பழக, ஆள் உருவில் செய்த துணிப் பொம்மை! எல்லா சாஸ்திரமும் படித்திருந்தாலும், கை பழகாதவன் சிகிச்சைக்கு லாயக்கில்லை என்று வேறு சொல்கிறது.

செவிலியருக்கென்றே ஒரு பொம்மை வந்தது 1911-ல். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் செவிலியர் பள்ளியை நடத்திய லாடர் சதர்லேண்ட், பொம்மை செய்யும் மார்த்தா ஜென்கின்ஸ் சேஸிடம் ஆள் உயரப் பொம்மை ஒன்று செய்து வாங்கினார். பேர் 'மிஸஸ் சேஸ்'. மாணவிகள் அதைப் புரட்டிப் படுக்க வைத்து, உடை மாற்றிப் பழகினார்கள். பிற்பாடு ஊசி போட்டுப் பழகவும் அதில் வழி செய்தார்கள். எட்வின் லிங்க் விமானிகளுக்கான பயிற்சிப் பெட்டியைச் செய்தது 1929 வாக்கில். யார் யாருக்கு முந்தி என்று பார்த்துக்கோங்க. சமையற்கட்டு வேலை மாதிரி, பெண்கள் செய்ததால் இது கணக்கில் வராமப் போச்சோ என்னவோ.

ஐசியூவின் கதை கோபன்ஹேகனில் தொடங்குகிறது. 1952 போலியோ கொள்ளைநோய். பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சுவிட முடியாத நோயாளிகள் குவிந்தார்கள். இயந்திரமோ விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பியார்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துப் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கச் சொன்னார். சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு, இரவுபகலாகக் கையாலேயே அமுக்கினார்கள். அவர்களுக்குப் பழகிப்பார்க்கப் பொம்மை ஏது? நோயாளியின் மேல்தான் பழகினார்கள். 2021-ல் சித்தி மகள் நின்ற இடமும் அதேதான். நடுவில் ஏறக்குறைய 70 வருஷம்!

1960-ல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 'ரெசஸி ஆன்' பொம்மையைக் கொண்டுவந்தார். வாயோடு வாய் வைத்து ஊதவும், மார்பை அமுக்கவும் பழகுவதற்கு. இன்றைய பொம்மைக்கு நாடி துடிக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. பயிற்சி தருபவர் பக்கத்து அறையிலிருந்து ஆக்சிஜன் அளவைக் குறைப்பார், அலாரம் அடிக்கும். முதலில் ஆளைப் பார்க்கணும், அப்புறம் குழாயை, அப்புறம் மெஷினை. முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து, எங்கே கை நின்னுச்சு, ஏன் நின்னுச்சு என்று பேசுவார்கள். அந்தப் பேச்சில்தான் பாதிப் பாடம். பயிற்சி முடிந்ததும் "தைரியம் வந்துச்சா?" என்று தாளைக் கொடுத்துக் கேட்கிறார்களே, அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆறு மாசம் கழித்து மறுபடி அலாரத்தை அடித்துப் பார்க்கணும்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021-ல் வந்தது. சிமுலேஷனுக்கு அதில் இடம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள்?

அவள் ஆஸ்பத்திரியிலும் ஒரு பொம்மை வந்திருக்காம். உடைஞ்சிடும்னு அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஐசியூவில் புதுசா மூணு பிள்ளைகள் சேர்ந்திருக்கு என்றாள். திங்கட்கிழமை மேட்ரன்கிட்ட சாவி கேட்கப் போறாளாம்.