மலையேறும் வண்டியும் பெயரற்ற முகங்களும்

புனே நகரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் போர் காட் மலைப்பாதையைக் கடவாதவர் ஒருவரும் இரார். மும்பையிலிருந்து திரும்பும்போது கர்ஜத் நிலையத்தில் வண்டி நிற்கும். பெரியவர்கள் வடை வாங்க இறங்குவர். சிறுவர்கள், இனி வரப்போகும் குகைகளை எண்ணுவதற்கு ஜன்னலோரத்தில் இடம் பிடிப்பர். வண்டி நிற்பது வடைக்காக என்றே நானும் சிறு வயதில் எண்ணியிருந்தேன். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளு எஞ்சின்களைப் பூட்டுவதற்காகவே அது நிற்கிறது என்பதை என் தந்தையார் பின்னர் விளக்கினார். ரயில்வேயில் அவற்றைப் 'பேங்கர்' என்பார்கள். நீண்ட வண்டிகளை முன்னாலுள்ள எஞ்சின் இழுக்க, பின்னாலுள்ள பேங்கர்கள் லோணாவளா வரை தள்ளிக்கொண்டு வருகின்றன. அங்கே அவை கழற்றப்பட்டு மீண்டும் கீழே இறங்கிவிடும். பயணிகளில் பலர் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

என் தந்தையார் அந்தப் பேங்கர் எஞ்சின்களில் பணியாற்றியவர். அவர் காலமான பின் அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. எஞ்சின் ஒன்றின் முன்னே ஒன்பது பேர் வரிசையாக நிற்கின்றனர். எஞ்சினின் எண்ணைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. ஆட்களிலோ என் தந்தையாரையும் இன்னொருவரையும் தவிர ஏனைய எழுவர் யாரென்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. படத்தின் பின்புறம் ஓர் எழுத்தும் இல்லை. இரும்பின் எண் நிலைத்துவிட்டது. மனிதரின் பெயர் மறைந்துவிட்டது. இந்த மலைப்பாதையின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கியது அந்தப் படத்தினாலேதான். படிக்கப் படிக்க, அதே குறை அவ்வரலாறு முழுவதிலும் இருக்கக் கண்டேன்.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தானாவுக்கு முதல் பிரயாணி வண்டி ஓடியது. அப்பாதையை அமைத்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனி, 1856இல் மலையடிவாரத்துக் கோபோலி வரை வந்து சேர்ந்தது. மலைமேல் கண்டாலாவிலிருந்து புனே வரையிலான பாதை 1858இல் திறக்கப்பட்டது. இடையிலே சகியாத்ரி மலை செங்குத்தாக நின்றது. அந்நாளில் பம்பாயிலிருந்து வருபவர்கள் கோபோலியில் இறங்கி, பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மலையேறி, கண்டாலாவில் மறு வண்டியைப் பிடித்தனர்.

அந்த இடைவெளியை இணைக்கும் வேலை 1856இல் தொடங்கிற்று. திட்டம் வகுத்தவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் ஜான் பெர்க்லி. ஏறத்தாழ 16 மைல் நீளத்தில் 1,831 அடி உயரம் ஏறவேண்டும். மிகச் சரிவான இடங்களில் 37 அடி சென்றால் ஓரடி உயர்வு. அதற்காக 25 குகைகள் குடையப்பட்டன. பாறையின் முகத்தில் நிற்க இடமில்லாத இடங்களில் ஆட்களைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அந்தரத்தில் தொங்கியபடியே அவர்கள் வேலை செய்தார்கள். 1861இன் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 42,000 பேருக்கு மேல் இங்கு உழைத்தனர். வெடிமருந்தும் விபத்தும் பலரைப் பலிகொண்டன. அவற்றினும் மேலாக வாந்திபேதி கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயிற்று.

வேலையை முதலில் ஒப்பந்தம் எடுத்தவர் ஃபேவியல் என்பவர். 1859 ஜனவரியில் கூலி கிடைக்காத தொழிலாளர்கள் கலகம் செய்தனர். அவ்வாண்டிலேயே அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த சாலமன் டிரெட்வெல், இந்தியாவில் கால்வைத்த சில வாரங்களுக்குள் நோயுற்று மாண்டார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அம்மையார் ஊர் திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ ஒப்பந்தத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். ஆடம்சன், கிளௌசர் என்ற இரு பொறியாளர்களை நியமித்து வேலையை நடத்துவித்தார். அத்துடன் இன்னொன்றும் செய்தார்: வேலையின் வளர்ச்சியைப் புகைப்படங்களாக எடுத்தார். அவை தொகுப்பாக லண்டனிலுள்ள சிவில் எஞ்சினீயர்கள் நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

கைப்பேசியைத் தட்டியவுடன் படம் கிடைக்கும் இக்காலத்தில், அந்நாளைய புகைப்படத்தின் பாடு நமக்கு விளங்குவது கடினம். 1851இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத் தகட்டு முறையே அப்போது வழக்கில் இருந்தது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவவேண்டும். சில நிமிடங்கள் தாமதித்தாலும் தகடு வீணாகும். ஆகவே பெட்டி, கண்ணாடி, மருந்து, தண்ணீர், கூடாரம் யாவும் படம் எடுக்கும் இடத்துக்கே மலையேறவேண்டும்.

இம்முறைக்கு ஒரு குணம் உண்டு. ஒளி பதியச் சில விநாடிகள் வேண்டும். அசையாது நிற்பது மட்டுமே தெளிவாகப் பதியும். பாலத்தூணும் குகைவாயிலும் பாறையும் நேற்று எடுத்தாற்போலத் துலங்கும். கூடையைத் தலையில் வைத்து நடந்தவர் மங்கலான புகையாக மாறுவார், அல்லது படத்திலேயே இரார். ஓடும் வண்டியை நிறுத்திப் பிடிக்க, பிற்பாடு வந்த உலர்தகடுகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காலப் படங்களில் மலைப்பாதை ஆளரவமற்று விளங்குவதன் காரணம் இதுவே. உழைத்துக்கொண்டிருந்தவன் படத்தில் இல்லை. உழைப்பை நிறுத்தி அசையாது நின்றவனுக்கே முகம் கிடைத்தது. அப்படி நின்றவர்களின் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

1863 ஏப்ரல் 21ஆம் நாள் கவர்னர் சர் பார்ட்டில் ஃபிரியர் இம்மலைப்பாதையைத் திறந்துவைத்தார். பெர்க்லி அதைக் காண இருக்கவில்லை, 1862இலேயே இறந்துவிட்டார். பாதையின் நடுவே ஒரு விந்தையும் இருந்தது. மலை விளிம்பில் ஓரிடத்தில் பாதை முடிந்துபோகும். வண்டி அங்கே நிற்க, எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டி, வந்த திசைக்கு எதிராக மேலே செலுத்துவார்கள். 'ரிவர்ஸிங் ஸ்டேஷன்' எனப்பட்ட அவ்விடத்தைப் படம் பிடிக்காத படக்காரர் அந்நாளில் அரியர். காரணம், அங்கே வண்டி அசையாது நிற்கும்! 1929இல் புதிய பாதை அமைந்ததும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. மலைப்பாதையில் மின்சாரமும் வந்தது. 1930 ஜூன் 1ஆம் நாள் டெக்கான் குவீன் ஓடத் தொடங்கிற்று.

இதில் நமக்கென்ன என்று அன்பர்கள் கேட்கலாம். புனேயைத் தாண்டித் தென்கிழக்கே நீண்ட இதே பாதை, 1871இல் ராய்ச்சூரில் சென்னை ரயில்வேயுடன் இணைந்தது. சென்னையும் பம்பாயும் இருப்புப்பாதையால் ஒன்றாயின. நம் பாட்டன்மார் தகரப்பெட்டியும் படுக்கைச் சுருளுமாகப் புனேக்கு வந்திறங்கியதும், சிலர் மேலும் சென்று பம்பாயில் குடியேறியதும் அவ்வழியேதான். நம்மவரிற் பலர் ரயில்வேயில் கூலியாகவும் கலாசியாகவும் பாயின்ட்ஸ்மேனாகவும் குமாஸ்தாவாகவும் வேலை செய்தே காலனியில் வேரூன்றினர்.

இன்று மலைப்பாதை ஓரங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இளைஞர்கள் காமிராவுடன் நிற்கக் காண்கிறேன். மழைக்கால அருவியின் பின்னணியில் டெக்கான் குவீன் வளைந்து வரும் காட்சியைப் பிடிக்கக் காத்திருக்கிறார்கள். அது கண்ணுக்கு விருந்துதான். தண்டவாளத்திலிருந்து எட்டி நிற்கும்வரை குற்றமில்லை. பிரயாணி வண்டி போனதும் பலர் காமிராவை உறையில் இட்டுவிடுகிறார்கள். அதன்பின் வரும் சரக்கு வண்டி, அழுக்கேறிய வாகன்களுடன் மெல்ல ஊர்ந்து ஏறுகிறது. அதன் பின்னே பேங்கர்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளுகின்றன. மங்கி ஹில்லில், இறங்கும் வண்டிகளின் பிரேக்கைச் சோதிக்கிறார்கள். கொட்டும் மழையில் பாறை சரிகிறதா என்று பார்த்தபடி காவலாள் பாதையோரம் நடக்கிறார். நம் வீட்டு அரிசியும் அடுப்பெரிக்கும் எரிவாயுவும் சரக்கு வண்டியில் வருபவை. நம்மை மலையேற்றுபவர் அந்தக் காவலாள். அவர்களையும் படம் எடுக்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. ஆலிஸ் அம்மையாரின் தகட்டில் நடந்தவன் பதியாதது கருவியின் குறை. நம் வீட்டுப் படங்களில் பெயர் இல்லாதது நம்முடைய குறை. பேனா எடுத்துப் பின்புறம் நாலு வரி எழுத எந்த மருந்தும் கூடாரமும் வேண்டா.

ஆதலால் காலனிக் குடும்பத்தார் அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பெட்டிகளிலும் ஆல்பங்களிலும் உள்ள பழைய ரயில்வேப் படங்களை எடுத்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் படத்தைக் காட்டி, இடது கோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டு, பெயர், ஊர், செய்த வேலை, எடுத்த ஆண்டு ஆகியவற்றைப் பின்புறம் குறித்துவையுங்கள். கைப்பேசியில் உள்ள படங்களுக்கும் இது பொருந்தும்.

என் தந்தையாரின் படத்தை ஆண்டு விழா நாளன்று மண்டப வாயிலில் உள்ள மேசைமேல் வைக்கப்போகிறேன். அருகே ஒரு பென்சிலும் இருக்கும். அதிலுள்ள எழுவரில் ஒருவரை அறிந்தவர் எவரேனும் வந்தால், அன்போடு அவர் பெயரை எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.